சிவப்பு அரளியும் ராத்திரி வண்டியும்

பொட்டலம் பிரிந்தது. உள்ளே சிவப்பு அரளி.

பூசாரி மணி அதை உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. திருப்தியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூவை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

ஒரே ஒரு குறை. சிவப்பு வந்தால் என்ன செய்வதாக வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

பூக்கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே அளவில் இரண்டு வாழையிலைத் துண்டு. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். இந்த நிறம் வந்தால் சரி, அந்த நிறம் வந்தால் வேண்டாம் என்று நாம் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. விவரம் தெரியாத ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். அவ்வளவுதான். இதில் தப்பு செய்ய இடமே இல்லை என்றுதான் இத்தனை காலமும் ஊர் நம்பியிருந்தது.

நான் முதலில் சிவப்பு வந்தால் எனக்கு வந்திருந்த ராத்திரி லாரி வேலைக்குப் போவது என்றுதான் வைத்தேன். உடனே ஒரு சந்தேகம். வண்டி ஓட்டுகிறவன் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போகலாமா? வெள்ளைக்கு மாற்றினேன். வெள்ளை என்றதும் ரோட்டோரத்தில் யாரையோ மூடியிருக்கும் வேட்டி ஞாபகத்துக்கு வந்தது. திரும்பவும் சிவப்புக்கு வந்தேன். இப்படி நான் போய்ப் போய் வந்துகொண்டிருக்கும்போதே குழந்தை கையை நீட்டிவிட்டது. அந்த நேரத்தில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது அம்மனுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் என் மனைவி கௌரி கண்ணை இறுக்கி மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் கேட்டாள்.

"சிவப்புக்கு இன்னா வெச்சிகினு இருந்த?"

சொன்னேன். ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஆத்தாவையே குழப்பி உட்டுட்டியாய்யா நீ?"

ஆடி போகட்டும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். பயத்தோடு பாதி ஆயுசு வண்டி ஓட்டியவன். வீடு ஆவடி சேக்காட்டில்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு மினி டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் வீடு. அந்தக் கம்பெனி திடீரென்று இடத்தைக் காலி செய்துகொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் போய்விட்டது. மெஷின்கள், மேஜைகள், சுவரில் தொங்கிய கடிகாரம் வரைக்கும் ஏற்றிக் கொண்டுபோய் விட்டது நான்தான். என் பிழைப்பை நானே நடை நடையாக ஏற்றி அனுப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அந்தச் சமயத்தில் வந்தான் பாபு. கௌரியின் தம்பி. நூம்பலில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்டில் லோடு ஏற்றி அனுப்பும் வேலை அவனுக்கு.

"மாமா, லைன் வண்டிக்கு ஆள் தேடிகினு கீறாங்க. ஹூப்ளி லைன், கர்நாடகா வரிக்கும் போய் வர்ற லாரி. சாய்ங்காலம் எடுத்தா விடிய விடிய ஓட்டணும். ரெண்டு டிரைவரு. உங்கிட்டதான் ஹெவி லைசென்ஸ் கீதே."

இருந்தது. வாலிபத்தில் ஆவடியில் தண்ணி லாரி ஓட்டினேன். சந்துகளில் அந்த லாரியை நுழைக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரை உரசப்போகிறேன் என்று நினைத்து நினைத்து, கடைசிவரை எந்தச் சுவரையும் உரசாமலேயே பயத்தில் அந்த வேலையை விட்டவன் நான்.

டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சாமி கும்பிடுகிற மனிதர். ஆடி மாதம் புது ஆளை வண்டியில் ஏற்ற மாட்டாராம். ஆவணி பிறக்கட்டும், வருகிறானா இல்லையா என்று அதற்குள் யோசித்துச் சொல்லட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கவலைப்படுகிறவனுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுக்கிற மாதிரி தண்டனை கிடையாது. நாளைக்குள் சொல் என்றிருந்தால் ஒரே ராத்திரியில் கவலைப்பட்டு முடித்திருப்பேன்.

ரோந்து

என் ராத்திரிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

படுப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்று வருவேன். முதலில் கேஸ் சிலிண்டர். அடுத்து வாசல் தாழ்ப்பாள். மோட்டார் ஸ்விட்ச். அயர்ன் பாக்ஸ் பிளக். பின்கட்டுக் குழாய். எல்லாம் பார்த்துவிட்டு வந்து தலையணையில் தலை வைத்ததும், சிலிண்டரைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்று ஒரு கேள்வி வரும். எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். திரும்பி வந்து படுத்ததும், இப்போது தொட்டதில் திறந்துகொண்டிருந்தால் என்று தோன்றும்.

மகள் கல்யாணமாகித் திருநின்றவூர் போனபோது அவள் வீட்டு சிலிண்டரும் என் பொறுப்பில் சேர்ந்துகொண்டது. ராத்திரி போன் போட்டு, "மூடிட்டியாம்மா?" என்று கேட்பேன். மாப்பிள்ளை முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் போனை அணைத்து வைத்தார். போன் ஏன் அணைந்திருக்கிறது என்ற கவலையில் நான் விடிகாலை முதல் ரயிலைப் பிடித்துத் திருநின்றவூரில் போய் நின்றேன். அதற்குப் பிறகு ராத்திரியில் என் போன் கௌரியின் தலையணைக்கு அடியில்தான் இருக்கும்.

ஆகவே பாபு வந்து சொன்னதும் கௌரி யோசிக்கவே இல்லை.

"ராத்திரி பூரா முழிச்சிகினுதான கீற. அதையே ஸ்டீரிங்கைப் புட்சிகினு முழிச்சா சம்பளமாவது வரும். இங்க முழிக்கிறதுக்கு எவன் குடுக்குறான்?"

சரியான பேச்சுதான். ஆனால் அவளிடம் சொல்லாத ஒரு பயம் எனக்குள் இருந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் போக வேண்டும்.

அப்பாடா என்று ஒரு மூச்சு

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை. கணக்குக்கு முதல் நாள் ராத்திரி நான் கண் மூடவில்லை. படித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கவலைப்பட்டேன். காலையில் ஹாலில் உட்கார்ந்து கேள்வித்தாளை வாங்கி முதல் கேள்வியைப் படித்தேன். தெரிந்த கேள்வி. இரண்டாவதும் தெரிந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சோடு தூங்கிப்போனேன்.

வாத்தியார் தோளைத் தட்டி எழுப்பும்போது எல்லாருடைய பேப்பரையும் நூலில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா பருத்திப்பட்டுப் பக்கம் கழனி வேலை செய்தவர். கழனி மனையானதும் ஃபேக்டரியில் மூட்டை தூக்கப் போனவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்தால் தூங்குகிறவனுக்குப் படிப்பு எதற்கு, நின்றுகொண்டே செய்கிற வேலையாகப் பார் என்று சொல்லிவிட்டார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கடைசியில் நான் வந்து சேர்ந்தது உட்கார்ந்தே செய்கிற வேலையில்.

இப்போது என் பயம் புரிந்திருக்கும். ராத்திரியில் முழித்திருக்க முடியுமா என்பதல்ல அது. நிம்மதி வந்தால் தூங்கிவிடுவேனோ என்பது. நல்ல ரோடு. காலியான ரோடு. சத்தம் போடாத லோடு. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டால்? பரீட்சை ஹாலில் எழுப்புவதற்கு வாத்தியார் இருந்தார். கிருஷ்ணகிரி ரோட்டில் எழுப்புவதற்கு எதிரே வருகிற வண்டிதான் இருக்கும்.

பகல் ஓட்டத்தில் இந்தப் பயம் எனக்கு வந்ததே இல்லை. அம்பத்தூர் டிராபிக்கில் எவனும் நிம்மதியாக மூச்சு விட்டது கிடையாது.

பகலில் தூங்கிப் பழகுதல்

பாபு ஒரு யோசனை சொன்னான். ராத்திரி ஓட்டுகிறவனுக்குப் பகல் தூக்கம்தான் சோறு மாதிரி. இப்போதிருந்தே பகலில் தூங்கிப் பழகு, ராத்திரி தானாக முழிப்பு வரும் என்றான். எனக்கும் அது சரியாகப் பட்டது. வேலையும் இல்லை, ஆடி மாதம் முழுக்கக் கையில் இருந்தது.

வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலை மறைக்க வேண்டும். கௌரி பரணிலிருந்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துப் போட்டாள். அவள் அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனர். இரண்டாக மடித்து ஆணி அடித்தோம். அறைப் பக்கம் தெரிந்தது பேனரின் கீழ்ப் பாதி. அதாவது மாமன்களும் சித்தப்பாக்களும் வரிசையாக, கூலிங் கிளாஸோடு.

பகல் ஏற ஏற, பின்னாலிருந்து வெயில் பட்டு அத்தனை பேரும் பளிச்சென்று எரிந்தார்கள். கண்ணை மூடினால் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. திறந்தால் நிஜமாகவே பார்த்தார்கள். அந்த வரிசையில் மூன்றாவது ஆள் நான். என்னை நானே மேலிருந்து முறைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் அதைவிட மோசம். கேன் தண்ணி வண்டி, பழைய பேப்பர் வண்டி, எதிர்வீட்டு மாவு மிஷின். எல்லாவற்றுக்கும் மேலே ஆடி மாதத்து அம்மன் கோயில் ஸ்பீக்கர். எங்கள் ஜன்னலுக்கு நேர் கம்பத்தில் அந்தக் குழாயைக் கட்டியிருந்தார்கள்.

கோயில் இளைஞர்களிடம் போய்ப் பணிவாகக் கேட்டேன். நல்ல பிள்ளைகள். உடனே ஒத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்ததும் பாட்டு நின்றது. நிம்மதியாகக் கண்ணை மூடினேன். மைக்கில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"நம்ம தெரு ஏழுமலை அண்ணன் ராத்திரி வேலைக்குப் போறதுக்காக பகல்ல தூங்கிப் பழகிக்கினு இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே சவுண்டு கம்மி பண்ணப்படுகிறது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்."

பொதுமக்கள் ஒத்துழைத்தார்கள். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டி, தூக்கம் வந்ததா என்று விசாரித்தார்கள். மாவு மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்து கேட்டார். கூழ் ஊற்றிய அன்று ஒரு பெண்மணி எனக்கென்று தனியாக ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்து, குடித்தால் கண்ணைக் கட்டும் என்றார். குடித்தேன். கட்டவில்லை. வயிறுதான் நிறைந்தது.

பகலில் தூங்கவில்லை. ராத்திரியிலும் தூங்கவில்லை. இந்த லட்சணத்தில்தான், இனி மனுஷர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்து, மணி பூசாரியிடம் போய் நின்றேன். அப்படித்தான் அந்தச் சிவப்பு அரளி என் சட்டைப் பைக்கு வந்தது.

இரண்டாவது பூ கிடையாது

மறுநாளே கோயிலுக்கு ஓடினேன். இன்னொரு தடவை கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு கேள்விக்கு ஒரு பூதான் நைனா. ரெண்டாவது தபா கேட்டா, ஆத்தா சொன்னத நீ நம்பலன்னு ஆவும். அவ கோவத்த நீ தாங்குவியா?"

தாங்க மாட்டேன். அது எனக்கே தெரியும். ஆக, வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற கவலையோடு, அம்மன் சொன்னதற்கு மாறாக நடந்துவிடுவேனோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. போனாலும் குற்றம், போகாவிட்டாலும் குற்றம். எது குற்றம் என்பதுதான் தெரியவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கே போய் நடந்து நடந்து யோசித்தேன். நான் எப்படி நினைத்திருப்பேன் என்று எனக்குள்ளேயே துப்பறிந்தேன். சிவப்பு, போகாதே, வெள்ளை, போ. சிவப்பு, போ, வெள்ளை, போகாதே. காலுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். வாக்கிங் வந்த ஒரு பெரியவர் நான் ஏதோ மந்திரம் ஜபிக்கிறேன் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினார்.

பாபுவிடம் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "மாமா, நீ டிரைவரு. சிவப்புன்னா நில்லுன்னுதான் வெச்சிருப்ப" என்றான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு நாளில் மேனேஜர், ஆவணிக்கு ஆள் வருகிறானா இல்லையா, இன்னும் பதிலைக் காணோமே என்று அவனைக் கடிந்துகொண்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். "ஆத்தா பொடவையே சிவப்பு மாமா. அவளே முன்னாடி வந்து நிக்கிறா. போன்னுதான் அர்த்தம்" என்றான்.

கௌரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறவள், இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

இப்படிப்பட்ட கதைகளில் பூவைப் பார்த்த நொடியில் மனசு என்ன நினைத்ததோ அதுதான் பதில் என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒருநாள் கௌரியிடம் கேட்டேன். பொட்டலம் பிரிந்தபோது என் மூஞ்சி எப்படி இருந்தது, சந்தோஷமா, வருத்தமா?

"எப்பவும் போலத்தான் இருந்துச்சி. பயந்துகினு."

ஆடி முடியப் போகிற நாளில் அவளே பேச்சை எடுத்தாள். "ஒரே ஒரு நடை போய்ட்டு வாயேன். தூக்கம் வந்தா திரும்பி வந்து வேணாம்னு சொல்லிடு. உன்ன யாரு கட்டிப் போடுறா?"

அந்த டிரான்ஸ்போர்ட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. புது ஆள் முதல் நடையில் பழைய டிரைவரோடு கூடப் போய் லைன் பார்க்க, அதாவது ரோட்டைப் பழகிக்கொள்ள வேண்டும். பாதி தூரம் அவனும் ஓட்டுவான். பழைய டிரைவர் வந்து சரி என்று சொன்னால்தான் வேலை. சரி, போகிறேன் என்றேன்.

நாலாவது எலுமிச்சம்பழம்

ஆவணி பிறந்த அன்று சாயங்காலம் நூம்பல் யார்டில் லாரிக்குப் பூஜை. கற்பூரம் சுற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியை முன்னால் நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினேன். எல்லாரும் கை தட்டினார்கள். நான் இறங்கிப் போய்ப் பழங்களைப் பார்த்தேன். மூன்று நசுங்கியிருந்தன. நாலாவது வழுக்கிக்கொண்டு ஓரமாக உருண்டு, முழுசாக உட்கார்ந்திருந்தது.

அதை எடுத்து, முன்டயர் தாண்டிப்போயிருந்த பழைய இடத்திலேயே மறுபடி வைத்தேன்.

மேனேஜர் மணியாட்டுவதை நிறுத்தினார். பூஜை முடிந்த வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது, அபசகுனம் என்றார். பின்னால் எடுக்காமல் அந்தப் பழத்தை எப்படி நசுக்குவது? முன்டயருக்கு வைத்த பழம், பின்டயர் ஏறினால் கணக்கில் வருமா? இதை நான் நிஜமாகவே கேட்டேன். கடைசியில் தாமோதரன் வந்து அதைத் தன் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தார்.

"ஆச்சா? ஏறு" என்றார்.

தாமோதரன்தான் அந்தப் பழைய டிரைவர். தலை நரைத்தவர். அதிகம் பேசாதவர். பூந்தமல்லி தாண்டும்வரை நான் கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார், எதற்கு இவ்வளவு நடுக்கம் என்று. பரீட்சை ஹால் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தூக்கம் வந்தா சொல்லு. ஓரங்கட்டு. அதுல வெக்கம் கெடையாது. எங்கூட ஓட்டுனதுல போய் சேந்தவன்லாம் வெக்கப்பட்டவன்தான்."

அதை அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

கிருஷ்ணகிரி வரை நான் ஓட்டினேன். நம்பினால் நம்புங்கள், ஒரு கொட்டாவி வரவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு பயப்படுகிறபோது அந்தப் பயத்துக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது, இருட்டு மட்டும்தான். வண்டியில் ஒவ்வொரு பயத்துக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. பின்னால் யார் வருகிறான் என்று கண்ணாடி காட்டியது. பிரேக்குக்கு ஏர் ஏறியிருக்கிறதா என்று முள் காட்டியது. லைட் எரிகிறதா என்று ரோடே காட்டியது. பார்த்து முடித்தால் திரும்பவும் முதலிலிருந்து பார்க்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள். இதற்குப் பெயர் வேலை.

நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி, காற்று இருக்கிறதா என்று இரும்பு லிவரால் டயர்களைத் தட்டிச் சத்தம் கேட்டேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். தார்ப்பாய் முடிச்சைத் தொட்டேன். ஏறி உட்கார்ந்துவிட்டு, தொட்டேனா என்று சந்தேகம் வந்து இறங்கினேன். வேலூர் வரை தாமோதரன் பொறுத்துக்கொண்டார். ஆம்பூரில், "இன்னாத்த தேடுற, எதனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் நான் இறங்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கிருஷ்ணகிரியில் மாறி உட்கார்ந்தோம். சீட்டுக்குப் பின்னால் படுப்பதற்கு ஒரு பலகை மெத்தை உண்டு. போய்ப் படு என்றார். எனக்கு எங்கே தூக்கம் வரப்போகிறது, சும்மா முதுகைச் சாய்க்கலாம் என்று படுத்தேன். இங்கே சிலிண்டர் இல்லை. தாழ்ப்பாள் இல்லை. மோட்டார் ஸ்விட்ச் இல்லை. பார்க்க வேண்டியதை எல்லாம் தாமோதரன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன்.

போன் அடித்து எழுந்தபோது வெளியே வெளுத்திருந்தது. போர்டில் கன்னட எழுத்து. எந்த ஊர் என்று கேட்டேன். தும்கூர் என்றார். ஓசூர், பெங்களூரு எல்லாம் என்னைத் தாண்டிப் போயிருந்தன. எனக்குத் தெரிந்து என் ஆயுசில் அப்படித் தூங்கியதில்லை.

போனில் கௌரி. "எங்க கீற? நல்லாக் கீறியா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் கேட்ட பூ

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ரெண்டு ராத்திரியா நான் தூங்கல. அவ்ளோதான்."

நடந்தது இதுதான். முதல் ராத்திரி ஆசையாகப் படுத்திருக்கிறாள், இன்றைக்காவது பக்கத்தில் ஒருத்தர் எழுந்து எழுந்து போகாமல் தூங்கலாம் என்று. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், சிலிண்டரை யார் மூடினார்கள் என்று ஒரு எண்ணம். எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள். மூடியிருந்தது. வந்து படுத்ததும் தாழ்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டதே இல்லை. ஆட்டிப் பார்த்திருக்கிறாள். அது ஆடியது. எப்போதும் ஆடும். ஆனால் எப்போதும் ஆடும் என்பது எனக்குத்தான் தெரியும்.

விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு மேல் லாரி ஞாபகம் வேறு.

"இத்த தெனமும் எப்பிடிய்யா பண்ற நீ?" என்று கேட்டாள். திட்டுகிற மாதிரி இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கு நானும் வேண்டிக்கினேன். சிவப்பு வந்தா இந்தாளு வேலைக்குப் போவட்டும், நான் ஒரு ராத்திரியாவது நிம்மதியா தூங்கணும்னு. சிவப்புதான் வந்துச்சி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாதி ஆடி மாதம் ஏரிக்கரையில் நான் பைத்தியக்காரன் மாதிரி நடந்திருக்கிறேன். பதில் வீட்டிலேயே அரிசி களைந்துகொண்டு இருந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கு ரோட்டுல ஒரு பஞ்சர் ஆனாகூட என் தலையிலதான வைப்ப?"

வைத்திருப்பேன்.

"இப்ப சொல்றேன், வேணாம். எனுக்கு தூக்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். பாபுகிட்ட சொல்லிடு" என்றாள்.

நான் போனை எடுக்காமல் தரையைப் பார்த்தேன். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"தூங்குனியா நீ?"

தூங்கினேன் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். கிருஷ்ணகிரியிலிருந்து தும்கூர் வரை என்றேன். அவளுக்கு அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. ஆனால் நான் சொன்ன விதத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று புரிந்துகொண்டாள். வெகுநேரம் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு குறைந்திருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

கடைசியில் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.

"சரி வா. எது எது பாக்கணும்னு வரிசையா காட்டு."

சிலிண்டரிலிருந்து ஆரம்பித்தேன். தாழ்ப்பாளை எவ்வளவு ஆடினால் பயப்பட வேண்டாம் என்று ஆட்டிக் காட்டினேன். அவள் ஆட்டிப் பார்த்தாள். வீட்டையே புதிதாக ஒருவருக்கு ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. பின்கட்டுக் குழாய்க்கு வந்தபோது, இதையும் பார்க்க வேண்டுமா என்று சலித்துக்கொண்டாள். நாலு நாளில் அவளே அதை இறுக்கித் திருகக் கற்றுக்கொண்டாள்.

மறுநாள் நூம்பலுக்குப் போய் மேனேஜரிடம் வருகிறேன் என்று சொன்னேன். தாமோதரனைக் கூப்பிட்டு, ஆள் எப்படி என்று என் எதிரிலேயே கேட்டார். "நம்பலாம். நிம்மதியா இருக்கத்தான் உட மாட்டான்" என்றார்.

இன்றுவரை லைன் வண்டிதான். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இடம் மாறியிருக்கிறது.

வாலாஜா தாண்டி நாங்கள் டீ குடிக்க நிறுத்துகிற ஒரு கடை உண்டு. அங்கிருந்து வீட்டுக்குப் போன் போடுவேன். கௌரி போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பாள். சிலிண்டர் திருகு கிறீச்சிடுவது கேட்கும். தாழ்ப்பாள் ஆடுவது கேட்கும். ஸ்விட்ச் டொக் என்று விழும். ஒன்றொன்றாகக் கேட்டுவிட்டு, சரி படு என்பேன்.

அவள் படுக்க மாட்டாள். அடுத்து என் முறை. போனை ஒரு கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் லிவரோடு வண்டியைச் சுற்றி வருவேன். ஒவ்வொரு டயராகத் தட்டுவேன். டீக்கடையில் எல்லாரும் பார்ப்பார்கள். தாமோதரன் எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி வேறு பக்கம் திரும்பி டீயை ஆற்றுவார்.

நேற்றும் தட்டினேன். எல்லாம் தட்டி முடித்து, போதுமா என்று கேட்டேன்.

"பின்னாடி லெஃப்டு சரியா கேக்கல. இன்னொரு தபா தட்டு."